ஹாக்கி வீரர் தியான் சந்த்

சென்ற பருவத்தின் இறுதியில் எம் விடுதி மாணவர் மன்றத்திலே ஒரு சொற்போர் நடைபெற்றது. இதுகாறும் உலகில் தோன்றிய ஹாக்கி ஆட்டக்காரருள் எல்லாத் திறமும் ஒருங்கே வாய்ந்த முழு ஆட்டக்காரர் தியான் சந்தே என்பது அன்றைய தலைப்பு. ஒட்டிப் பேசுவோர் மூவர். வெட்டிப் பேசுவோர் மூவர். யார் எக்கட்சியினர் என்பதைத் திருவுளச் சீட்டினால் முடிவு செய்தனர். அடியேன் வெட்டிப் பேசும் கட்சியில் மூன்றாமவனாக வீழ்ந்தேன். ஹாக்கி மட்டையை நானும் கையிற் பிடித்ததுண்டு. எனினும் எம் விடுதி அணியில் எனக்கு வாய்த்த இடம் எல்லைக் கோட்டிற்கு அப்பால் உள்ளதே. ஆகவே, கையாற் செய்ய இயலாததை நாவாற் செய்து பார்ப்போம் என்னும் துணிவுடன், அப்பெரியாரிடம் குறை காண்பதற்கு வேண்டிய செய்திகளைத் தேடி நூல் நிலையத்திற் பதினைந்து நாட்கள் அமர்ந்தேன்.

எம் கட்சியின் வாதம் எளியது. ஹாக்கி ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். அந்நாளைய அணிவகுப்பில் கோலைக் காப்பவர் ஒருவர். அவர்க்கு முன்னே பின்காவலர் இருவர். அவர்க்கு முன்னே இடைக்காவலர் மூவர். எல்லார்க்கும் முன்னே முன்னணியினர் ஐவர். முழு ஆட்டக்காரர் என்னும் பெயர்க்கு உரியவர் இவ்விடங்களுட் பலவற்றிலும் நின்று ஆட வல்லவராதல் வேண்டும் அன்றோ? தியான் சந்த் தம் வாழ்நாளிற் பெரும்பாலும் முன்னணியின் நடுவிலேயே நின்றவர். காக்கும் கலையில் அவரை யாரும் பெரிதாகச் சோதித்ததில்லை. உத்தம் சிங்கோ முன்னணியிலும் ஆடினார், இடைக்காவலின் நடுவிலும் ஆடினார்; 1952 முதல் 1964 வரை நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். லெஸ்லி கிளாடியஸ் இடைக்காவலில் நின்று அதே கணக்கிற் பதக்கங்கள் பெற்றார். கோல் அடிக்கும் திறம் ஒன்றையே கருதினாலும், 1952-இல் ஹெல்சிங்கி நகரில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் இந்தியா அடித்த ஆறு கோல்களில் ஐந்தைப் பல்பீர் சிங் ஒருவரே அடித்தார். இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லி அமர்ந்தேன்.

எம் கட்சியே வென்றது. நண்பர்கள் முதுகில் தட்டினர். ஆனால் வென்றவனுக்கு உண்டாக வேண்டிய மகிழ்ச்சி எனக்கு உண்டாகவில்லை. குறை தேடிப் படித்த அந்தப் பதினைந்து நாட்களிலே என் வாதத்திற்கு உதவாத செய்திகள் பல கண்ணிற் பட்டன; அவற்றை நான் மேடையில் சொல்லாது விட்டேன். சொற்போரின் முறை அதுவே என்று நண்பர்கள் தேற்றுகின்றனர். எனினும், விட்டவற்றையெல்லாம் இங்கே எழுதிவிடுவதே நேர்மை எனக் கருதி அவர் வரலாற்றைத் தொடங்குகிறேன்.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் அலகாபாத் நகரில் ஒரு ராஜபுத்திரக் குடும்பத்தில் தியான் சிங் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயரின் இந்தியப் பட்டாளத்திற் பணி புரிந்தவர். அங்கே ஹாக்கியும் ஆடியவர். பட்டாளத்தார் குடும்பம் ஓரிடத்தில் வேர் ஊன்றுவது அரிது. ஊர் ஊராக மாறியதனாற் சிறுவரின் பள்ளிப் படிப்பு ஆறாண்டுகளோடு நின்றது. பின்னர் அக்குடும்பத்தார் ஜான்சி நகரிற் குடியேறினர். இளமையில் அவர் மனம் நாடியது மற்போரையே. ஹாக்கியில் அவருக்குத் தனி விருப்பம் இருந்ததில்லை. பிறவியிலேயே மட்டையுடன் பிறந்தவர் என்று அவரைப் பாராட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பதினேழு வயது முடிந்த அதே நாளில், அதாவது 1922 ஆகஸ்டு 29-இல், தில்லியில் முதலாம் பிராமணப் படைப்பிரிவிற் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜராக இருந்த பாலே திவாரி என்பவர் இளைஞரின் கையில் மட்டையைக் கொடுத்து ஆட்டத்தின் நுட்பங்களைக் கற்பித்தார். தனியாட்டம் அழகாயினும் ஆட்டம் என்பது பதினொருவர்க்கு உரியது என்னும் பாடத்தை அந்த ஆசிரியர் முதலிலேயே ஊட்டியிருத்தல் வேண்டும். மாணவர் இறுதிவரை அதனை மறக்கவில்லை. பகலெல்லாம் பட்டாள வேலை. ஆதலின் நிலாக் காலங்களில் இரவில் மைதானத்திற்குச் சென்று தனியே பந்தை உருட்டிப் பழகுவாராம். நிலவை எதிர்பார்த்து ஆடியதனால் தோழர்கள் சந்த் என்று அழைத்தனர் என்றும், தியான் சிங் தியான் சந்த் ஆனது அவ்வாறே என்றும் கூறுவர்.

ஜீலம் நகரில் நடந்த ஒரு பந்தயத்தின் இறுதியாட்டத்திலே அவர் அணி இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தது. எஞ்சியிருந்தன நான்கே நிமிடங்கள். அந்நான்கு நிமிடங்களில் அவர் மூன்று கோல்களை அடித்து ஆட்டத்தை வென்றார். மாயக்காரர் என்னும் பட்டம் அப்பொழுதே அவரைப் பற்றிக்கொண்டது என்பர். 1926-இல் இந்தியப் பட்டாளத்து அணியொன்று நியூஸிலாந்துக்குச் சென்றபோது அவரும் உடன் சென்றார். இருபத்தோர் ஆட்டங்களிற் பதினெட்டை வென்று, இரண்டைச் சமன் செய்து, ஒன்றில் மட்டும் தோற்று அவ்வணி திரும்பியது. திரும்பியதும் அவருக்குக் கிடைத்த பரிசு லான்ஸ் நாயக் என்னும் பதவி. சிப்பாயிலிருந்து ஒரு படி உயர்வு, அவ்வளவே.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடைபெற இருந்த ஒலிம்பிக் பந்தயத்திற்கு இந்தியா தன் ஹாக்கி அணியை முதன்முறையாக அனுப்பியது. வீரரைத் தெரிந்தெடுக்கக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையே போட்டி நடந்தது, ஐக்கிய மாகாணத்தின் சார்பில் தியான் சந்த் ஆடினார், அம்மாகாணமே வென்றது. மார்ச்சுத் திங்களில் அணியினர் பம்பாயிற் கப்பல் ஏறியபோது அவர்களை வழியனுப்பத் துறைமுகத்திற்கு வந்தவர் மூவரே. அணித் தலைவர் ஜெய்பால் சிங் அப்பொழுது இங்கிலாந்தில் இருந்தார். அவர் ராஞ்சிப் பகுதியின் முண்டா குலத்தில் தோன்றி, மிஷன் பள்ளியிற் பயின்று, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் வரை சென்றவர். பின்னாளில் நம் அரசியல் நிருணய சபையிலே பழங்குடியினரின் குரலாய் விளங்கியவர். அவர் வரலாறு தனியே எழுதத் தக்கது.

ஆம்ஸ்டர்டாமில் இந்தியர் ஐந்து ஆட்டங்கள் ஆடினர். ஆஸ்திரியாவை 6 கோலும், பெல்ஜியத்தை 9 கோலும், டென்மார்க்கை 5 கோலும், ஸ்விட்சர்லாந்தை 6 கோலும் அடித்து வென்றனர். இறுதியில் ஹாலந்தை அந்நாட்டு மண்ணிலேயே 3 கோல்களால் வென்றனர். மொத்தம் 29 கோல்கள். ரிச்சர்ட் ஆலன் காத்த இந்தியக் கோலுக்குள் ஒரு பந்தும் புகவில்லை. 29-இல் 14 தியான் சந்த் அடித்தவை. இறுதியாட்டத்தன்று ஜெய்பால் சிங் அணியில் இல்லை. வேறு சில வீரர்களும் நோயுற்றுக் கிடந்தனர். தியான் சந்துக்கும் காய்ச்சல். காய்ச்சலோடே மைதானத்தில் இறங்கினார். மூவர் வழியனுப்பிய அதே பம்பாய்த் துறைமுகத்தில், திரும்பி வந்த நாளிற் கூட்டம் கடலெனத் திரண்டிருந்தது. அந்தக் கூட்டத்தின் ஆரவாரம் அடங்குமுன் அவர் மீண்டும் பட்டாளத்தின் கட்டளைக்குள் நுழைந்தார். 14-ஆம் பஞ்சாப் படைப்பிரிவோடு வசீரிஸ்தான் எல்லைப் புறத்திற்கு அனுப்பப்பட்டார்.

உலகம் போற்றிய ஆட்டக்காரர் அடுத்த ஒலிம்பிக் பந்தயத்தின் தேர்வுப் போட்டியில் ஆட விடுமுறை கேட்டபோது மேலதிகாரிகள் மறுத்துவிட்டனர். ஹாக்கிச் சங்கத்தாரோ தேர்வு இன்றியே அவரை அணியிற் சேர்த்தனர். 1936-இலும் இதே கதைதான். மறுப்பும் அதுவே, தேர்வின்றிச் சேர்த்தலும் அதுவே. அவர் அணிக்கு உரியவர் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆனால் அவர் நேரத்துக்கு உரியவர் அவரல்லர்.

1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்ற அணியில் அவர் தம்பி ரூப் சிங்கும் இடம் பெற்றார். நல்ல உடை இல்லை என்று தம்பி பயணத்திற்கு மறுத்ததாகவும், அண்ணன் தம் பணத்தில் உடை வாங்கிக் கொடுத்து அழைத்துச் சென்றதாகவும் சொல்வர். அவ்வாண்டு உலகெங்கும் பொருள் நெருக்கடி; போட்டிக்கு வந்த நாடுகள் மூன்றே. இந்தியா ஜப்பானை 11-1 என்னும் கணக்கிலும், அமெரிக்காவை 24-1 என்னும் கணக்கிலும் வென்றது. அமெரிக்காவுக்கு எதிராக ரூப் சிங் அடித்தவை 10. தியான் சந்த் அடித்தவை 8. தம்பி தம்மினும் சிறந்த ஆட்டக்காரர் என்பதே அண்ணனின் கருத்து என்பர். இதனையும் நான் சொற்போரில் எடுத்துக்காட்டினேன். அவரே ஒப்புக்கொண்ட பின் நமக்கு வாதம் ஏன் என்று கேட்டபோது மன்றம் நகைத்தது. அத்தகைய கருத்தைக் கொள்ளுதற்கு எத்தகைய உள்ளம் வேண்டும் என்பதை நான் அவ்வமயம் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி, என் மனத்தை மாற்றிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். தாம் ஆடியவற்றுள் மிகச் சிறந்த ஆட்டம் எது என்று தியான் சந்தை வினவினால் அவர் எதைச் சொல்வார் என்று நாம் எதிர்பார்ப்போம்? ஆம்ஸ்டர்டாமையோ பெர்லினையோ சொல்வார் என்றே நினைப்போம். அவர் தம் நூலிலே சொன்னது 1933-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதியாட்டம். ஒரு பக்கம் கல்கத்தாச் சுங்க இலாகாவின் அணி; அந்நாளில் அது இந்தியாவின் மிக வலிய அணிகளுள் ஒன்று. மறு பக்கம் ஜான்சி ஹீரோஸ் என்னும் அவர் ஊர் அணி. சுங்க இலாகாவினர் ஜான்சியாரை ஓயாது நெருக்கினர். இரண்டாம் பாதியில் ஒருமுறை தியான் சந்த் மைதானத்தின் நடுவிலிருந்து பந்தை நெடுந்தொலைவு முன்னே செலுத்தினார். அது கோலை நோக்கி அடித்த அடியன்று. தம் தோழர் இஸ்மாயிலை நோக்கி விடுத்தது. இஸ்மாயில் அரை மைதானத்தை ஓட்டத்திலேயே கடந்து சென்றார். எதிரணியின் இடைக்காவலருக்கும் கோல் காப்பவருக்கும் இடையே யார் பந்தை எடுப்பது என்னும் தடுமாற்றம் ஒரு நொடி நேர்ந்தது. அந்நொடியிலே இஸ்மாயில் உள்ளே புகுந்து அடித்துவிட்டார். ஆட்டத்தில் விழுந்த கோல் அது ஒன்றே. கோப்பை ஜான்சிக்கு வந்தது.

நூற்றுக் கணக்கிற் கோல்கள் அடித்த ஒருவர், தாம் ஒரு கோலும் அடியாத ஆட்டத்தையே தம் ஆட்டங்களுள் தலையாயதாகக் கொள்கிறார். நூல் நிலையத்தில் இவ்விடத்தைப் படித்தவுடன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாயக்காரர் என்றும், மட்டையிற் காந்தம் வைத்திருந்தார் என்றும், பசை தடவியிருந்தார் என்றும், வெளிநாட்டில் மட்டையை உடைத்துப் பார்த்தனர் என்றும் நாம் கேட்கும் கதைகளெல்லாம் பந்து அவர் மட்டையை விட்டு நீங்காது என்னும் எண்ணத்தில் எழுந்தவை. உண்மையோ இதற்கு நேர் மாறு. அவரோடு ஆடியவர்கள் கூறுவன, பந்து அவரிடம் நெடுநேரம் தங்குவதே இல்லை என்பதைக் காட்டுகின்றன. சதுரங்கம் ஆடுபவன் பலகை முழுவதையும் ஒருங்கே காண்பதுபோல அவர் மைதானத்தைக் கண்டார் என்றும், அவர் திறமெல்லாம் தோளுக்கு மேலே இருந்தது என்றும் பிற்காலத்து ஒலிம்பிக் வீரராகிய கேசவ தத் கூறியிருக்கிறார். தோழர் பத்துப் பேரும் எங்கே நிற்கின்றனர் என்பது மட்டுமன்று, அடுத்த நொடி எங்கே நிற்பர் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1935-இல் நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்ற அணிக்கு மணவதர் நவாபு தலைமை தாங்குவதாக இருந்தது. நவாபு வர இயலாது என்று விலகியதால் தியான் சந்த் தலைவரானார். இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்ற பின்னரும் தலைமை அவரைத் தேடி வந்த வழி இது. அப்பயணத்தில் 48 ஆட்டங்களில் அணி அடித்த கோல்கள் 584. அவற்றுள் 201 அவருடையவை. அடிலெய்டு நகரில் கிரிக்கெட் வீரர் பிராட்மன் அவரைக் கண்டு அளவளாவினார்.

அடுத்த ஆண்டு பெர்லின். இப்பொழுது ஒலிம்பிக் அணிக்கும் அவரே தலைவர். புறப்படுமுன் தில்லியில் ஓர் உள்ளூர் அணியிடம் 4-1 என்னும் கணக்கில் தோற்றனர். மார்சேல்ஸ் துறையில் இறங்கி, ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் நெருக்குண்டு பெர்லின் சேர்ந்து, நான்கு நாட்களில் ஜெர்மானியரோடு ஆடிய பயிற்சி ஆட்டத்திலும் அதே 4-1 கணக்கில் தோற்றனர். முன்னணியில் ஒருவர் சரிவர ஆடவில்லை. உடனே தாராவை அனுப்புக என்று இந்தியாவுக்குச் செய்தி பறந்தது. தாரா வானூர்தியில் வந்து அரையிறுதி ஆட்டத்திற்குள் சேர்ந்துகொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1948-இல் இதே தாரா பாகிஸ்தான் அணிக்குத் தலைவராய் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் நின்றார். அந்தப் பெர்லின் அணியில் இந்துக்கள் இருந்தனர், முஸ்லிம்கள் இருந்தனர், சீக்கியர் இருந்தனர், ஆங்கிலோ-இந்தியக் கிறிஸ்தவர் இருந்தனர். பின்னர் ஒரு நாடு இரண்டானபோது அவ்வணியின் வீரர்களும் இரண்டு நாட்டினராயினர்.

ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்சு ஆகிய நாடுகளை ஒரு கோலும் விடாமல் வென்று இறுதியாட்டத்தை எய்தினர். ஆகஸ்டு 14-இல் நடக்க வேண்டிய ஆட்டம் மழையினால் மறு நாளைக்குத் தள்ளப்பட்டது. ஆகஸ்டு 15, அந்நாளில் அது வெறும் ஒரு தேதி. தரை நனைந்து வழுக்கியது. எதிரே நின்றவர் சில நாட்களுக்கு முன் தங்களைத் தோற்கடித்த ஜெர்மானியர். ஆட்டக்காரர் உடை மாற்றும் அறையில் அச்சம் நிலவியது. அப்பொழுது அணியோடு சென்றிருந்த பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். அணியின் அடையாளம் ஆங்கில ஆட்சியின் இந்தியா. தலைவரோ ஆங்கிலேயரின் பட்டாளத்துச் சிப்பாய். அக்கொடியை வணங்குதல் அவருக்கு ஆபத்தின்றி முடியும் செயலன்று. எல்லாரும் வணங்கினர். வணங்கிவிட்டு மைதானத்தில் இறங்கினர்.

முதற் பாதி முடிந்தபோது இந்தியா ஒரே கோல் முன்னணியில் இருந்தது. ஈரத் தரையில் ஆணி பதித்த காலணிகள் பயன்படவில்லை. இடைவேளைக்குப் பின் தியான் சந்த் அக்காலணியையும் காலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். கோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஜெர்மானியர் முரட்டு ஆட்டத்தில் இறங்கினர். கோல் காப்பவரோடு மோதியதில் தியான் சந்தின் பல் ஒன்று போயிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியவர் தம் தோழரிடம் வெகுண்டு பழி வாங்கச் சொல்லவில்லை. பந்தை எவ்வாறு ஆள்வது என்பதை அவர்களுக்குக் காட்டுவோம் என்றார் என்பர். அதன்படி இந்தியர் பந்தை எதிரியின் அரைவட்டம் வரை கொண்டு சென்று, கோல் அடிக்காமலே மீண்டும் பின்னுக்குக் கொண்டு வந்தனராம். இவ்வகைப் பழிக்கு ஜெர்மானியரிடம் மாற்று மருந்து இல்லை. முடிவு 8-1. அந்த ஒலிம்பிக்கில் இந்தியர் அடித்தவை 38. அவர்மீது விழுந்தது அந்த ஒன்றே.

ஆட்டத்தைப் பார்த்த சர்வாதிகாரி அவருக்குப் பதவி தருவதாக அழைத்தார் என்னும் கதையை ஒட்டிப் பேசிய நண்பர் ஒருவர் உருக்கமாகச் சொன்னார். அக்கதைக்குச் சான்றில்லை. சான்றுள்ள செய்தியே போதுமானது: தொடக்க விழாவிலே பல நாட்டு அணிகள் கை நீட்டி நாஜி முறையில் வணக்கம் செலுத்தியபோது இந்திய அணியினர் அவ்வாறு செய்யவில்லை.

உலகப் போர் வந்தது. 1940-லும் 1944-லும் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. ஓர் ஆட்டக்காரரின் முதிர்ந்த ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. போர்க் காலத்திலே அவர்க்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. 1947-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர் ஓர் அணியை அனுப்பக் கேட்டபோது, தியான் சந்த் வருவதானால்தான் என்று நிபந்தனை விதித்தனர். நாற்பத்திரண்டாம் வயதில் அவர் சென்றார். 22 ஆட்டங்களில் 61 கோல்கள் அடித்தார். அப்பயணத்தில் நடந்த ஒன்றைக் கேசவ தத் சொல்லியிருக்கிறார். தியான் சந்த் எதிரிகளைக் கடந்து சென்று, பந்தைக் கே. டி. சிங் பாபுவிடம் தள்ளினார். தள்ளியவுடன் கோலுக்கு முதுகு காட்டித் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். பந்து கோலுக்குள் சென்றதா இல்லையா என்று பார்க்கவும் இல்லை. ஏன் அவ்வாறு செய்தீர் என்று பின்னர்ப் பாபு கேட்டார். அந்தப் பந்தில் கோல் அடிக்க முடியாதவன் என் அணியில் ஆடத் தகுதியுடையவன் அல்லன் என்பதே விடை. பாபு பின்னாளில் 1952-ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணியின் தலைவரானார்.

இதனைப் படித்தபோது என் வாதத்தின் அடிப்படையே ஆட்டம் கண்டது. பதினோர் இடங்களிலும் தான் ஒருவனே நிற்க வல்லவன் முழு ஆட்டக்காரன் என்று நான் மன்றத்திற் கூறினேன். மற்றப் பத்து இடங்களிலும் நிற்பவரைத் தன் ஆட்டத்தினால் முழு ஆட்டக்காரராக்குபவனை எப்பெயரால் அழைப்பது? உத்தம் சிங்கின் பன்முகத் திறத்தையோ கிளாடியஸின் உறுதியையோ நான் இப்பொழுதும் குறைத்து மதிப்பிடவில்லை. இடைக்காவலில் நின்றிருந்தால் தியான் சந்த் எவ்வாறு ஆடியிருப்பார் என்பதும் விடையற்ற வினாவே. ஆயினும் பெய்ட்டன் கோப்பைப் பந்தை இஸ்மாயிலுக்கு விடுத்த அந்த அடியிலே, காவலும் இருந்தது, முன்னேற்றமும் இருந்தது, கோலும் இருந்தது. அவர் நின்றதோ மைதானத்தின் நடுவில். ஆட்டம் முழுவதும் ஓர் அடியில் அடங்குமாயின் அதுவே முழுமை என்று எனக்கு இன்று தோன்றுகிறது.

1952-இல் அவர் தம் வாழ்க்கையைக் கோல் என்னும் பெயருடைய ஆங்கில நூலாக வெளியிட்டார். அது அச்சேறியது நம் சென்னையில். ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் இதழார் வெளியிட்டனர். உலகத்தைத் தம் மட்டையின் கீழ்க் கொண்டுவந்தவர் அந்நூலிலே தம்மை ஒரு சாதாரண மனிதர் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். 1956-இல் மேஜர் பதவியோடு பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் கிடைத்தது. பின்னர் ராஜஸ்தானத்தில் அபு மலையிலும், பாட்டியாலா விளையாட்டுக் கழகத்திலும் இளைஞரைப் பயிற்றினார். தமக்கு அளிக்கப்பட்ட தாலந்தை மண்ணிற் புதைத்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

அவர் மகன் அசோக் குமாரும் ஹாக்கி வீரர். 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்திற் பாகிஸ்தானை இந்தியா 2-1 என்னும் கணக்கில் வென்றபோது வெற்றிக் கோலை அடித்தவர் இவரே. மகன் இவ்வாட்டத்தை மேற்கொள்வதைத் தந்தை விரும்பவில்லை என்பர். பதக்கங்கள் பெட்டியில் இருக்க, வீட்டில் வேண்டியவை இல்லாதிருந்த வாழ்வை அறிந்த தந்தை வேறு எவ்வாறு எண்ணியிருப்பார்? 1976-இல் மான்ட்ரியல் நகரிலே புல்தரை நீங்கிச் செயற்கைத் தரை வந்தது. இந்தியா ஏழாம் இடத்திற்கு இறங்கியது. 1977-இல் ரூப் சிங் காலமானார். தம்பிக்குப் பின் அண்ணன் இரண்டாண்டுகளே இருந்தார்.

ஈரலிற் புற்று நோய் கண்டு அவரைத் தில்லிக்குக் கொண்டு சென்றனர். அங்கே அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மருத்துவமனையில் பொது வார்டிலே கிடத்தினர். பெயர் தெரிந்தவர் பலர். முகம் தெரிந்தவர் சிலர். 1979 டிசம்பர் 3-ஆம் நாள் உயிர் நீத்தார். இன்று அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. தில்லியில் ஒரு பெரிய மைதானம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 2021 முதல் நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மூவர் வழியனுப்பிய பின் கடலெனத் திரண்ட பம்பாய்க் கூட்டமே இவற்றைப் படிக்குந்தோறும் என் நினைவுக்கு வருகிறது.

அவர் உடலை ஜான்சிக்குக் கொண்டு வந்து, ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே எரியூட்டினர். வீரன் பட்ட இடத்தில் நடுகல் நாட்டும் வழக்கத்தைப் புறத்துறைகளிற் பாடமாகக் கற்கும் எமக்கு அது புதிய செய்தி அன்று. ஆனால் சிதை மூண்ட தரையில் முன்பு இஸ்மாயிலும் ரூப் சிங்கும் அவரும் மாலை தோறும் பந்து உருட்டியிருப்பர் என்று எண்ணும்போது பாடம் வேறாகத் தோன்றுகிறது.

மன்றத்தின் குறிப்பேட்டில் எம் கட்சி வென்றதாகவே எழுதியிருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் செயலரைக் கண்டு, என் வாக்கை மட்டுமாவது மறு பக்கத்திற்கு மாற்றி எழுத முடியுமா என்று கேட்டேன். விதியில் இடமில்லை என்றார்.